தண்டவாளத்தில் மிஞ்சிய எல்லைகள்

பத்து நாளில் ஏழு நாடு என்று கூட்டிப்போகும் பேருந்துச் சுற்றுலாக்கள் மீது எனக்குப் பெரிய வெறுப்பு ஒன்றும் கிடையாது. வேளைக்குச் சாம்பார் சாதம் கிடைக்கிறது. பெட்டியைத் தூக்கி வைக்க ஆள் இருக்கிறது. ஈஃபிலுக்கும் பைசாவுக்கும் முன்னால் படம் எடுத்துக்கொள்ள நேரமும் தருகிறார்கள். ஆனால் அந்தப் பேருந்தில் போகிறவருக்கு ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்கியதே தெரிவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நீலப் பலகை, அதில் வட்டமாகப் பன்னிரண்டு நட்சத்திரம். அரைத் தூக்கத்தில் கடந்துவிடும். ரயிலில் போகத் திட்டமிடுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. இந்த வண்டி அந்தப் பக்கம் போகாது, இந்த டிக்கெட் அங்கே செல்லாது, பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டு என்று ஒவ்வொரு எல்லையும் வீட்டிலேயே வந்து வழிமறிக்கும்.

ஐரோப்பா ஒன்றாகிவிட்டது என்று யூரோ நாணயத்தைக் காட்டிச் சொல்வார்கள். தண்டவாளத்தைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டிலிருந்து அழிக்கப்பட்ட எல்லைகள் இரும்பில் அப்படியே மிஞ்சியிருக்கின்றன. அதனால், பல நாடுகளுக்கான ரயில் பயணத்தை நகரங்களை வைத்துத் திட்டமிடக் கூடாது, எல்லைகளை வைத்துத்தான் திட்டமிட வேண்டும் என்பது என் கட்சி. நகரங்கள் எங்கும் போய்விடாது. அவற்றின் அழகான பாகங்கள் ஏற்கெனவே நம் கைபேசியில் இருக்கின்றன.

இந்தக் கலைக்கென்று ஒரு புத்தகம் இருந்தது. தாமஸ் குக் நிறுவனம் வெளியிட்ட ஐரோப்பிய ரயில் கால அட்டவணை. முதல் பதிப்பு 1873. இரண்டாம் உலகப்போர் ஆண்டுகளில் மட்டும் நின்றது. எல்லைகள் மூடிக்கிடக்கும்போது அட்டவணைக்கு என்ன வேலை? 2013 ஆகஸ்டில் கடைசிப் பதிப்பைப் போட்டுவிட்டு நிறுவனம் விலகிக்கொண்டது. அதைத் தொகுத்துவந்தவர்களே மறு ஆண்டு தனியாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் இதற்கும் முந்தியது பிராட்ஷா, 1839 முதல் 1961 வரை. ஷெர்லக் ஹோம்ஸ் வண்டி நேரம் பார்க்கச் சொல்லி வாட்சனை ஏவுவது அந்தப் புத்தகத்தைத்தான். இவற்றை இலக்கியம் என்றால் சிரிப்பார்கள். ஆனால் இடப்புறம் ஊர்ப்பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கிவர, வலப்புறம் எண்கள் நெருக்கியடித்து நிற்க, ஒரு வண்டி மட்டும் நள்ளிரவில் ஏதோ சிற்றூரில் நெடுநேரம் நிற்பதைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்டுக்கொள்கிறவர் கதைக்குள் நுழைந்துவிட்டார். எஞ்சின் மாற்றுகிறார்களா, சுங்கச் சோதனையா, பெட்டிகளைப் பிரித்து வெவ்வேறு நாடுகளுக்கு அனுப்புகிறார்களா?

கைபேசிச் செயலி இப்படி ஒரு கேள்வியை எழுப்பாது. எங்கிருந்து, எங்கே, எப்போது, உடனே விடை. ஐரோப்பாவின் பெரும்பாலான வண்டிகளின் நேரத்தை ஜெர்மன் ரயில்வேயின் இணையதளமே காட்டிவிடுகிறது. டிக்கெட் என்று வரும்போதுதான் கண்டம் மறுபடி துண்டுதுண்டாகிறது. பல தடங்களுக்கு அந்தந்த நாட்டு ரயில்வேயிடம் போய் நிற்க வேண்டும். முன்பதிவைத் திறக்கும் நாளும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. கன்னியாகுமரியில் ஏறிக் காஷ்மீர் வரை ஒரே தளத்தில், 60 நாள் முன்பாகக் காலை எட்டு மணிக்கு என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். கண்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு: ஆண்டு அட்டவணை டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் எல்லா நாட்டிலும் ஒன்றாக மாறுகிறது.

இரும்பில் மிஞ்சிய எல்லைகள் என்றேன். பிரான்ஸில் ரயில்கள் இடப்புறப் பாதையில் ஓடும், ஜெர்மனியில் வலப்புறம். பிரான்ஸுக்குள்ளேயே அல்சாஸ் பகுதியில் வலப்புறம். 1871 முதல் 1918 வரை அது ஜெர்மனியிடம் இருந்தது. அப்போது வந்த பழக்கம். நாடு திரும்பிவிட்டது, பாதை திரும்பவில்லை. பழைய வழியில் பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போகும்போது, முன்பு எல்லை இருந்த இடத்துக்கருகே ஒரு பாதை இன்னொன்றின் மேல் பாலம் ஏறிப் பக்கம் மாறிக்கொள்கிறது. நூறாண்டுக்கு முன்பு செத்துப்போன எல்லைக்கு ஒவ்வொரு வண்டியும் இன்றும் வணக்கம் வைத்துவிட்டுத்தான் போகிறது. தலைக்கு மேலே மின்கம்பியிலும் இதே கதை. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தில் 15,000 வோல்ட். பிரான்ஸின் வடக்கில் 25,000, தெற்கில் பெரும்பாலும் 1,500. பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் 3,000. பாரிஸிலிருந்து பெல்ஜியம் வழியாகக் கொலோன் போகும் சிவப்பு வண்டியை நான்கு வகை மின்சாரத்துக்கும் ஈடுகொடுக்கும்படி கட்ட வேண்டியிருந்தது.

ஸ்விட்சர்லாந்து வேறு கதை. அங்கே போகிறவர்களுக்கு என் யோசனை, திட்டமே போடாதீர்கள் என்பதுதான். உங்களுக்காக 1982-லேயே போட்டு வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் நாடு முழுவதும் ஒரே சீரான இடைவெளியில் வண்டி விடத் தொடங்கினார்கள். அதன் அடுத்த கட்டம்தான் அழகு. சூரிச், பெர்ன் போன்ற சந்திப்புகளுக்கு எல்லாத் திசை வண்டிகளும் மணி அடிக்கச் சற்று முன்பாக வந்து சேரும், மணி அடித்துச் சற்றுப் பின்பாகப் புறப்படும். எதிலிருந்தும் எதற்கும் மாறிக்கொள்ளலாம். இதற்கு சூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஒரு புதுப் பாதை போட்டு 2004 டிசம்பரில் திறந்தார்கள். முடிந்த வேகமல்ல, வேண்டிய வேகம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. புல்லட் ரயில் ஆசையில் இருக்கும் நம் அரசியல்வாதிகள் யாரேனும் இதைப் படித்தால் நல்லது, படிக்க மாட்டார்கள்.

கோட்ஹார்ட் மலையைக் கடக்க அங்கே இரண்டு வழி. 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று. இருட்டில் நுழைந்து இருட்டிலேயே ஆல்ப்ஸைத் தாண்டிவிடலாம். இன்னொன்று 1882-இல் திறந்த பழைய பாதை. மலைக்குள்ளேயே சுழன்று சுழன்று ஏறுவதால் வாஸன் என்ற சிற்றூரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே, பிறகு பக்கத்தில், பிறகு காலடியில் என்று மூன்று முறை தெரியும். பழைய பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது. அவசரமில்லாதவர்கள் அதில் போகலாம். அவசரம் இருப்பவர்கள் ஏன் ரயிலில் வந்தார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பழைய பாதையின் 15 கிலோமீட்டர் சுரங்கத்தை வெட்டிய ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் 1879-இல் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு கோஷெனன் முகப்பில் வேலைநிறுத்தம் செய்த இத்தாலியத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நால்வர் செத்தார்கள். அஞ்சலட்டையில் தேவாலயம் மட்டும்தான் இருக்கும்.

பெர்னினா பாதையையும் நம்மூர்க்காரர்கள் விடக் கூடாது. பற்சக்கரம் இல்லாமலே 2,253 மீட்டர் உயரம் ஏறி இத்தாலியின் திரானோவில் இறங்கும் பாதை அது. ஊட்டி ரயிலுக்கு அது தூரத்து உறவு. குன்னூர் மலையேற உதவும் பற்சக்கர முறை ரோமான் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளருடையது; அங்கே நெடுங்காலம் உழைத்த நீராவி எஞ்சின்கள் விண்டர்தூரில் செய்தவை. ஒரு சின்ன விஷயம்: கண்ணாடிக் கூரை போட்ட சுற்றுலா வண்டிக்கு ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் காசு. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டியும் போகிறது. அதில் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டலாம்.

பாஸ் விஷயம். ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்கிறவர்களுக்கு யூரெயில், 1959 முதல். உள்ளே வாழ்கிறவர்களுக்கு இன்டர்ரெயில், 1972 முதல். தொடக்கத்தில் இதை 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். குடியுரிமை அல்ல, குடியிருப்புதான் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து போகும் தங்கை ஒன்றை வாங்க வேண்டும், பாரிஸில் இருக்கும் அண்ணன் மற்றதை வாங்க வேண்டும். இருவரும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போகலாம். விளம்பரம் பேசும் சுதந்திரம் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து வரை உண்மை. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் சிவப்பு அம்பு, ஸ்பெயினின் அதிவேக வண்டிகள், யூரோஸ்டார் எல்லாவற்றிலும் பாஸோடு இருக்கைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். சில வண்டிகளில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரண்டு நகரம், ஒரு மலை என்று போகிறவர் பாஸ் வாங்காமல் முன்கூட்டியே தனித்தனி டிக்கெட் எடுப்பதே மலிவு.

ஜெர்மனியைக் கடப்பவர்கள் கையில் இரண்டு மணி நேரம் உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும். 2024-இல் அந்நாட்டுத் தொலைதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்குப் போயின, அதுவும் ஆறு நிமிடம் வரை தாமதத்தைத் தாமதமாகக் கணக்கிடாமல். ஸ்விஸ் வண்டிகள் மூன்று நிமிடக் கெடுவில் 93 சதவீதம். மிகவும் தாமதமாக வரும் ஜெர்மன் வண்டிகளை ஸ்விஸ்காரர்கள் பாசலிலேயே நிறுத்தி, அங்கிருந்து தங்கள் வண்டியை விட்டுவிடுகிறார்கள். ஒழுங்குக்குப் பேர்போன ஜெர்மனியை எல்லையில் ஒழுங்கீனத்துக்காக நிறுத்துவது இந்த நூற்றாண்டின் நல்ல நகைச்சுவைகளில் ஒன்று. படுக்கை வண்டியும் நிலையில்லாதது. 2016 டிசம்பரில் ஜெர்மனி தன் இரவு வண்டிகளைக் கைவிட்டது, ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. பாரிஸ்–வியன்னா, பாரிஸ்–பெர்லின் இரவு வண்டிகள் பெரும் ஆரவாரத்தோடு திரும்ப வந்தன. பிரெஞ்சு அரசின் மானியம் நின்றதும் 2025 டிசம்பரில் ஆஸ்திரியா அவற்றை நிறுத்திவிட்டது. திட்டத்தின் முதுகெலும்பாக இரவு வண்டியை வைக்காதீர்கள்.

என் கட்சிக்கு வலுவான சாட்சி ஸ்பெயின் எல்லை. பிரான்ஸில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயினில் 1,668. நம் அகலப்பாதை 1,676. எட்டு மில்லிமீட்டரில் அவர்கள் நமக்குப் பங்காளிகள். இன்னொரு நெப்போலியன் வண்டியேறி வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் அகலத்தை மாற்றினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதை சுவையானது. ஆனால் 1844-இல் பொறியாளர் குழு தன் அறிக்கையில் சொன்ன காரணம் கொதிகலன்: மேடுபள்ளமான நாட்டில் பெரிய எஞ்சின் வேண்டும், பெரிய எஞ்சினுக்கு அகலமான பாதை வேண்டும். அதன் பலனாக நெடுங்காலம் அந்த எல்லையில் பெரும்பாலோர் இறங்கி ஏறினார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் பிரெஞ்சுப் பக்கம் செர்பேர், ஸ்பானியப் பக்கம் போர்ட்பூ. இரண்டும் சின்ன ஊர்கள், இரண்டிலும் ஊரைவிடப் பெரிய ரயில் நிலையம். நடுவே மலையைக் குடைந்த சுரங்கம். வடக்கே வரும் ஸ்பானிய வண்டி எல்லை தாண்டி செர்பேரில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும். தெற்கே வரும் பிரெஞ்சு வண்டி போர்ட்பூவில் இறக்கிவிட்டுத் திரும்பும்.

மனிதர் இறங்கி ஏறிக்கொள்வார். ஆரஞ்சுப் பழம் என்ன செய்யும்? வலென்சியாவிலிருந்து வரும் பழங்களைக் கூடைகளில் சுமந்து ஒரு வேகனிலிருந்து மற்ற வேகனுக்கு மாற்றுவதற்கென்றே செர்பேரில் பெண் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1906-இல் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 233 மில்லிமீட்டர் வித்தியாசம் பல தலைமுறைப் பெண்களுக்குப் பிழைப்பாகவும் முதுகுவலியாகவும் இருந்திருக்கிறது.

நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு போர்ட்பூ வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1940 செப்டம்பரில், நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார், ரயிலில் அல்ல, பிரனீஸ் மலையை நடந்து கடந்து. அமெரிக்கா போக விசா இருந்தது. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் கடந்து போகவும் விசா இருந்தது. பிரான்ஸை விட்டு வெளியேறும் அனுமதி மட்டும் இல்லை. திருப்பி அனுப்பப் போகிறோம் என்று ஸ்பானியக் காவலர்கள் சொன்னார்கள். விடுதி அறையில் இறந்தார். மார்ஃபின் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு. அடுத்த நாள் உடன் வந்தவர்களை ஸ்பெயின் போகவிட்டது. சிற்பி டானி காரவான் அமைத்த நினைவுச் சின்னம் 1994 முதல் கல்லறையருகே இருக்கிறது, கடலை நோக்கி இறங்கும் இரும்புப் படிக்கட்டு.

பெஞ்சமினின் விதியோடு நம் சுற்றுலா விசாவை ஒப்பிடுவது அபத்தம். ஆனாலும் காகிதத்தின் தர்க்கம் மாறவில்லை. லக்ஸம்பர்க்கில் மூன்று நாடுகள் சந்திக்கும் மோசெல் ஆற்றங்கரைச் சிற்றூர் ஷெங்கன். 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டு எல்லைச் சோதனையைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டன. 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்துக்குள் நுழைய இந்தியப் பாஸ்போர்ட்காரர் 90 யூரோ கட்டணமும், 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடும், எந்த இரவு எந்த ஊரில் தங்குவார் என்ற பட்டியலும் கொடுக்க வேண்டும். அதிக நாள் எந்த நாடோ அந்த நாட்டிடம் விண்ணப்பம்; நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. நினைத்த வண்டியில் ஏறலாம் என்று பாஸ் சொல்கிறது. நினைப்பதையெல்லாம் முன்பே எழுதிக் கொடு என்று விசா சொல்கிறது. பாஸின் சுதந்திரம் நமக்குப் பகலில் மட்டும்தான். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. காவலர்கள் வண்டியில் ஏறினால் பெட்டியில் யாரை முதலில் கேட்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தமிழர்கள் ஐரோப்பாவுக்குள் ரயிலேறிய வரலாறு பாஸில் தொடங்கவில்லை. 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு ஈழத்திலிருந்து வெளியேறியவர்களில் ஆயிரக்கணக்கானோர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி கடந்து செல்லும் விசா கொடுத்தது. அங்கிருந்து நகர ரயிலில் ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸே நிலையம். அந்த நிலையம் கிழக்கில் இருந்தாலும் மேற்கு பெர்லினின் ரயில்கள் அதற்குள் வந்துபோயின. பெர்லின் நடுவே ஓடிய கோட்டைச் சர்வதேச எல்லையாக ஏற்க மேற்கு மறுத்ததால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சோதனை இல்லை. இரண்டு அரசுகளின் பிடிவாதத்துக்கு இடையே இருந்த இடுக்கு வழியாக ஒரு ரயில் பயணம். ஆட்களைக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரர்களுக்கு எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை. 1985-இல் மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலில் அந்த இடுக்கைத் தமிழர்களுக்கு அடைத்தார்கள். எல்லைகளை வைத்துத் திட்டமிடு என்று நான் ரசனையாகச் சொல்வதை உயிருக்காகச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் வெளியே வந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பேல். இடியப்பமும் கொத்து ரொட்டியும் நகைக்கடையும் தமிழ்ப் பலகைகளும் உள்ள தெரு. லண்டன் வண்டிக்கும் தெற்கே போகும் வண்டிக்கும் பாரிஸில் நிலையம் மாற வேண்டும், வடக்கிலிருந்து லியோன் நிலையத்துக்கு. நகரத்தைக் குறுக்கே கடக்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. இரண்டரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டை அந்தத் தெருவில் முடித்துக்கொள்ளலாம் என்பது என் திருத்தம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஐரோப்பாவின் ஒட்டுப்போட்ட தண்டவாளங்களைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் கொழும்புக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது; தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், பிறகு மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. லாகூருக்குப் போன சம்ஜவுதா 2019-இல் நின்றது. கொல்கத்தா–டாக்கா வண்டி 2024-இல் நின்றது. அகலம் ஒன்றாக இருந்தும் ஓடாத தண்டவாளங்கள் நம்முடையவை.

பார்சிலோனாவையும் பாரிஸையும் ஒரே பயணத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 டிசம்பர் முதல் இரண்டுக்கும் இடையே நேரடி அதிவேக வண்டி இருக்கிறது, ஆறே முக்கால் மணி நேரம். பெர்த்தூஸ் சுரங்கத்தில் எல்லை தெரியாமல் கடந்துவிடும். அதை விடுங்கள். பார்சிலோனா சான்ஸ் நிலையத்தில் காலையில் போர்ட்பூ போகும் சாதாரண வண்டியில் ஏறுங்கள். சில மணி நேரம், கடைசியில் மட்டும் கடலோரம். இறங்கிக் கல்லறை வரை நடந்துவிட்டு அடுத்த வண்டியில் செர்பேர் போய், அங்கிருந்து பிரெஞ்சு வட்டார வண்டியில் பெர்பின்யான் போய்விடலாம். கடைசி வண்டி வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி குறைவு. விசா விண்ணப்பத்தில் அன்றைய இரவை பெர்பின்யான் என்று எழுதுங்கள். இந்த வட்டார வண்டிகளுக்கு ரிசர்வேஷன் கிடையாது.